பொட்டு வைத்த தராசு

ஆகஸ்ட் 24, சனி

டாக்டரம்மா பிரஷரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். வீட்டில் கத்துவதை நிறுத்து, மனதில் இருப்பதை எழுதி வை என்றாள். நல்லது. யாரைப் பற்றி எழுதுவது என்று யோசிக்க வேண்டியதில்லை. இருபத்தெட்டு வருஷமாகக் கூடவே இருக்கிறார், பெயர் கற்பகராஜ்.

இன்றைக்கு அவர் கேரேஜுக்குள் ஒரு இரும்புப் பூதத்தைக் கொண்டு வந்து இறக்கினார். கருப்பாக, ஒரு நீளக் கைப்பிடியோடு, ஜூஸ் கடையில் சாத்துக்குடி பிழிகிற மெஷின் மாதிரி இருக்கிறது.

"என்னங்க இது?"

"ரீலோடிங் பிரஸ், கனி. சுட்டு முடிஞ்ச தோட்டாவோட கூட்டை எடுத்து, மறுபடி மருந்து போட்டு, குண்டு மாட்டி நாமளே புதுசாக்கிக்கலாம்."

தோட்டா செய்யப் போகிறாராம். வீட்டில் ஒரு பல்பு மாட்ட நான் மூன்று நாள் சொல்ல வேண்டும்.

கதை இதுதான். ஏப்ரலில் எரிவாயு ஆலையில் இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தூத்துக்குடியில் தொடங்கி இந்தக் கனடா ஆல்பெர்ட்டா வரைக்கும் காலமெல்லாம் இவர் பார்த்த வேலை, மீட்டர் முள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா என்று சோதிப்பது. அந்த வேலை போனதும் மனுஷன் சோபாவில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். அப்போது கூட வேலை பார்த்த டேரல் என்கிற வெள்ளைக்காரன், நவம்பரில் மான் வேட்டைக்கு வா என்று கூப்பிட்டான். அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷத்தில் இந்த ஊரில் ஒருத்தர்கூட இவரை எதற்கும் கூப்பிட்டதில்லை. உடனே வகுப்புக்குப் போனார், பரீட்சை எழுதினார், லைசன்ஸ் வாங்கினார், டேரலின் சித்தப்பாவிடம் ஒரு பழைய துப்பாக்கியும் வாங்கினார். த்ரீ நாட் த்ரீ. நம் ஊரில் பேங்க் வாசலில் போலீஸ்காரர் மடியில் வைத்துக்கொண்டு தூங்குவாரே, அதே ஜாதி. அதற்குக் கடையில் தோட்டா கிடைப்பதே இல்லையாம். அதனால்தான் இந்தப் பூதம்.

ஊரில் மானைச் சுட்டால் ஜெயில். இங்கே சுட்டால் சிநேகிதம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பூதத்தை மேசையில் முடுக்கப் பகல் முழுவதும் ஆனது. மேசை ஆடுகிறது.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு மாவு கிளறிக்கொண்டிருக்கும்போது புளி டப்பாவைக் காணோம். கேரேஜில் போய்ப் பார்த்தால் இவர் ஒரு சட்டியில் பித்தளைக் கூடுகளைப் போட்டுப் புளி கரைத்து ஊற்றித் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"எல்லாரும் மெஷின்ல போட்டு உருட்டுவாங்க. நம்ம குத்துவிளக்குக்குப் புளிதானே போடுவோம், அதான்" என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். கால்கரியிலிருந்து சொல்லி வாங்கி வந்த புளி! அதைப் போட்டுத் தேய்த்தாவது பளிச்சென்று ஆக்கினாரா? மூலைக்கு மூலை கறுப்பு. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. பிடுங்கி நானே தேய்த்துக் கழுவினேன். தோட்டாக் கூட்டைக் குத்துவிளக்கு மாதிரி துலக்கின ஒரே பொம்பளை இந்தக் கனடாவில் நானாகத்தான் இருப்பேன்.

செப்டம்பர் 21, சனி

மருந்து வந்துவிட்டது.

ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே கறுப்புக் குச்சிகுச்சியாய். கூடவே பொட்டு. பிரைமர் என்கிறார்கள். பித்தளைக் கூட்டின் அடியில் பதிக்கிற சின்னப் பொட்டு வெடி, அவ்வளவுதான். சிவகாசிக்காரிக்குப் போய்ப் பாடம் எடுக்கிறார் இவர். எங்கள் பெரியப்பாவின் பயராபீஸில், பட்டாசு ஆலையில், விளையாடி வளர்ந்தவள் நான். மருந்து எப்படி மணக்கும் என்று பால்குடி மறப்பதற்கு முன்னாலேயே தெரியும். பட்டாசு ஊரில் பிறந்து, பூமியின் மறுகோடிக்கு ஓடிவந்து, இங்கேயும் வீட்டுக்குள்ளே மருந்து!

இவர் போட்டிருந்தது என்ன தெரியுமா? நைலான் ஜாக்கெட். கழற்றும்போது படபடவென்று பொறி பறக்குமே, அது.

"அறிவிருக்கா உங்களுக்கு? இதப் போட்டுக்கிட்டா மருந்துகிட்டப் போவாங்க?"

"கனி, இது நம்ம ஊரு மருந்து மாதிரி இல்ல. சட்டுனு பத்தாது. புத்தகத்துலயே..."

"புத்தகத்தத் தூக்கி அடுப்புல போடுங்க. கழட்டுங்க மொதல்ல."

பருத்தி லுங்கியும் பருத்திச் சட்டையும் எடுத்துக் கொடுத்தேன். குளிரில் நடுங்கிக்கொண்டு கட்டிக்கொண்டார். பயராபீஸில் மருந்து அறை வாசலில் செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இங்கே தகட்டுக்கு எங்கே போவது? தண்ணீர்க் குழாயைத் தொட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மறுபேச்சில்லாமல் தொட்டார்.

அந்த நேரம் பார்த்து டேரல் வந்தான். லுங்கியைப் பார்த்து வாயைப் பிளந்தான். நான் ஏன் திட்டுகிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கவலைப்படாதே, ஒன்றும் ஆகாது என்றான்.

ஒன்றும் ஆகாது. இந்த வார்த்தையைச் சொல்கிறவன் வாயில் மிளகாயைத் தேய்க்க வேண்டும். தேன்மொழியும் டொரான்டோவிலிருந்து போனில் அதையேதான் சொன்னாள். "அம்மா, அப்பா கேர்ஃபுல்லாதான் இருப்பாரு, ஒண்ணும் ஆகாதும்மா." பெற்ற மகளானால் என்ன? போனை வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

நான் இன்று சமைக்கவில்லை. அவர் பிரெட் தின்றார். எனக்கும் இரண்டு துண்டு தட்டில் வைத்து மூடிவைத்தார். பெரிய இது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. அரிவாள்மனை, தையல் மெஷின், கார், மிக்ஸி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்துப் பொரி கடலை எடுத்து வைக்கிறேன், இவர் கதவோரம் வந்து நிற்கிறார்.

"கனி... கேரேஜ்லயும் கொஞ்சம் வச்சிரேன்."

"அதுக்குமா?"

"அதுவும் ஆயுதம்தானே."

ஆயுதமாம். சரி, இந்த வருஷம் பூஜை போட இவருக்கு வேறு எந்தத் தொழில் இருக்கிறது என்று நினைத்தேன். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். டாக்டரம்மா சொல்லியிருக்கிறாளே. பூதத்தின் நெற்றியில் ஒன்று, கைப்பிடியில் ஒன்று, மருந்து நிறுக்கிற தராசுக்கு ஒன்று. தராசுத் தட்டின் அடியில் நல்ல கெட்டியாக ஒரு உருண்டைச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். வைக்கச் சொன்னால் வைக்கிறேன், இந்தாரும்.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. குழந்தை மாதிரி கேரேஜ் வாசலில் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. ஊரில் பிள்ளைகளுக்கு அரிசியில் அ எழுதிப் பழக்குகிற நாள். என் வீட்டுப் பிள்ளைக்கு ஐம்பத்தெட்டு வயது, குளித்துத் திருநீறு பூசி முதல் தோட்டா செய்ய உட்கார்ந்துவிட்டது.

பக்கத்தில் நின்று பார்த்தேன். சும்மா, என்னத்தைக் கிழிக்கிறார் என்று பார்க்கத்தான். கைப்பிடியை இழுத்தால் சுட்டு முடிந்த பழைய பொட்டு வெடி கீழே விழுகிறது, கூடு அச்சுக்குள் போய்ப் பழைய உருவத்துக்கு வருகிறது. புதுப் பொட்டைப் பதிக்கிறார். பிறகு தராசு. கிரெய்ன் என்று ஒரு கணக்கு, குன்றிமணியில் பாதி எடை. முதலில் காலித் தட்டை வைத்து, முள் நேராக நிற்கும்படி திருகினார். அதற்கப்புறம்தான் மருந்தைச் சிட்டிகை சிட்டிகையாகத் தட்டில் போட்டார்.

"தட்டுல சந்தனம் இருக்கேங்க?"

"அதோட சேத்துத்தான் முள்ளச் சரி பண்ணியிருக்கேன். சாமி பொட்டு, இருக்கட்டும்."

பொட்டை அழிக்க மனசு வரவில்லையாம். மூக்கு தட்டில் இடிக்கிற மாதிரி குனிந்து முள்ளையே பார்க்கிறார். ஒரு தோட்டா செய்து முடிக்க நான் ஒரு சாம்பார் வைத்துவிடலாம்.

அக்டோபர் 19, சனி

டேரலோடு சுடும் மைதானத்துக்குப் போய், செய்ததை எல்லாம் சுட்டுப் பார்த்துவிட்டு வந்தார். ஓட்டை போட்ட காகிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார். தேன்மொழி ஒன்றாம் வகுப்பில் வரைந்த படத்தைக்கூட இவர் ஒட்டினதில்லை. ஓட்டைகள் பக்கம் பக்கமாகத்தான் இருக்கின்றன. காகிதம் ஓடாமல் நின்றால் யார்தான் சுட மாட்டார்கள்?

ஆனால் இன்றைக்கு மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். ஏப்ரலுக்குப் பிறகு இதுதான் முதல் தரம்.

அக்டோபர் 20, ஞாயிறு

இன்று எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

கேரேஜ் பூட்டியே கிடந்தது. இவர் அந்தப் பக்கமே போகவில்லை, ஒரே நாளில் ஆசை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. என்னை எழுப்பாமல் தானே சமைத்தார், விளக்கையும் தானே ஏற்றினார். ரசத்தில் உப்பு அதிகம்.

அக்டோபர் 26, சனி

வேட்டைக்கு எடுத்துக்கொண்டு போகிற தோட்டாவை இந்த வாரம்தான் செய்துகொண்டிருந்தார். நேற்றே முடிந்துவிட்டது என்றார். இன்றைக்குக் காலையில் பார்த்தால் தராசைப் பார்த்தபடி இடுப்பில் கைவைத்து நிற்கிறார்.

"என்னங்க?"

"முள்ளு ஒரு மயிரிழை ஏறி நிக்குது."

மயிரிழையாம். இவர் தலையில் இருக்கிற மயிரிழையை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் துணி துவைக்கப் போய்விட்டேன். அதற்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் கேரேஜிலிருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம். கொல்லன் பட்டறையில் குடித்தனம் நடத்துகிற மாதிரி இருந்தது. சாப்பிடக் கூப்பிட்டால், இதோ வாரேன், இதோ வாரேன். குழம்பு ஆறிக் கட்டியாகிவிட்டது. முடிந்த வேலையில் இன்னும் என்ன தட்டல் வேண்டிக்கிடக்கிறது?

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. இங்கே இன்றைக்குப் பேய்வேஷ நாளும்கூட. கங்கா ஸ்நானம் ஆச்சா என்று யாரும் கேட்கவில்லை. எலும்புக்கூடு வேஷம் போட்ட வாண்டுகள் வந்து மிட்டாய் கேட்டன. அதிரசம் கொடுத்தேன். ஒன்று முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது.

பட்டாசு கிடையாது. இந்த வீட்டில் மத்தாப்புக்கூட என்றைக்கும் கொளுத்தியதில்லை. சின்ன வயதில் தேன்மொழி கேட்டு அழுவாள். இவர்தான் தூக்கிக்கொண்டு போய் வேறு எதையாவது காட்டிச் சமாதானம் செய்வார்.

நவம்பர் 1, வெள்ளி

போய்விட்டார். டேரலின் வண்டியில், மேற்கே அவன் சித்தப்பாவின் பண்ணைக்கு. நாளை விடிந்ததும் வேட்டை. தோட்டாப் பெட்டியைக் கைக்குட்டையில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். அங்கே போன் எடுக்காதாம். நிம்மதி. கேரேஜைக் கூட்டித் தள்ளலாம்.

நவம்பர் 2, சனி

எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

விடிவதற்கு வெகு முன்னாலேயே தூக்கம் கலைந்து, ஃப்ரீசரிலிருந்து கோழி எடுக்கக் கேரேஜுக்குப் போனேன். மேசையைத் துடைத்தேன். பூதத்துக்குப் பின்னால் ஒரு பாட்டில் மூடி, அதற்குள் மஞ்சளாக ஒரு சில்லு. காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். தராசுத் தட்டைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் பொட்டு இல்லை.

பொட்டோடு சேர்த்துத்தானே முள்ளைத் திருகி வைத்தார்? ஈரச் சந்தனம் காயக் காய எடை குறையும். உதிர்ந்து விழுந்தால் மொத்தமாகக் குறையும். தட்டு இளைத்துப்போனால் முள்ளைப் பழைய இடத்தில் நிறுத்த மருந்துதான் கூடப் போகும். ஒவ்வொரு தோட்டாவிலும் என் பொட்டின் எடைக்கு மருந்து அதிகம். புத்தகத்தில் அவர் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார், இதற்கு மேல் போகாதே என்று. அந்தத் துப்பாக்கியைக் கன்னத்தோடு ஒட்டி வைத்துத்தான் சுட வேண்டும்.

கெட்டியாக அப்பியவள் நான். இந்தாரும் என்று அப்பினேன்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. நைட்டிக்கு மேல் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு காரை எடுத்தேன். இந்த ஊரில் நான் வேலைக்கும் கடைக்கும் தவிர ஓட்டியதில்லை. பண்ணைக்கு வழி, துப்பாக்கி வாங்க இவரோடு ஒரு தரம் போனதில் தெரியும். நெடுஞ்சாலை முழுக்கப் பனி. லாரி ஒவ்வொன்றும் பக்கத்தில் போகும்போது காளியம்மாவைக் கூப்பிட்டேன். வெளிச்சம் வந்தபிறகுதான் சுடலாம் என்பது இங்கே சட்டம். கிழக்கே வெளுக்க வெளுக்க ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினேன். விடியாதே, விடியாதே என்று சூரியனைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

பண்ணை வாசலில் அவர்கள் வண்டிப் பக்கம் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் தோளில் துப்பாக்கி. நான் காரை நிறுத்தினேனா, அணைத்தேனா, தெரியாது.

"சுடாதீங்க! ஏங்க, சுடாதீங்க!"

செருப்பு பனியில் சிக்கிக் கழன்றுவிட்டது. டேரல், அவன் சித்தப்பா, இன்னும் இரண்டு பேர், எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் அழுதுகொண்டே சொன்னேன். பொட்டு, சந்தனம், தட்டு, முள், எல்லாம் முன்னும் பின்னுமாக.

இவர் என்னையே பார்த்தார். பிறகு துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பெட்டியில் இருந்ததையும் சேர்த்து என் கையில் கொடுத்தார். குனிந்து என் செருப்பைப் பனியிலிருந்து எடுத்து உதறிக் காலில் மாட்டிவிட்டார். அத்தனை பேர் முன்னாலும்!

என்ன ஆச்சு என்று டேரல் கேட்டான். தோட்டாவில் அவளுக்கு ஒரு சந்தேகம், பார்த்துவிட வேண்டும் என்று இவர் சொன்னார். என் துப்பாக்கி ஒன்று சும்மா இருக்கிறது, அதை எடுத்துக்கொள் என்றான் அவன். யாரோ ஒருவன் பின்னால் லேசாகச் சிரித்தான். இவர் காது சிவந்துவிட்டது. ஆனால் வேண்டாம், நான் வீட்டுக்குப் போகிறேன் என்றுதான் சொன்னார். மாதக்கணக்காகக் காத்திருந்த காலை அது.

வழியெல்லாம் அவர்தான் ஓட்டினார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் லுங்கிக்கு மாறி, குழாயைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தார். பச்சைப் பிளாஸ்டிக் சுத்தியல் மாதிரி ஒன்றை எடுத்தார். அதன் தலைக்குள் தோட்டாவைச் செருகித் தரையில் தட்டினால் குண்டு கழன்று மருந்து வெளியே வந்துவிடுமாம். தட்டினார்.

டொக்.

எனக்குப் புரிந்துவிட்டது. மருந்தை நிறுக்கவே வேண்டியதில்லை. இந்தச் சத்தத்தை ஒரு நாள் முழுக்கக் கேட்டுக் குழம்பு ஆறிப்போச்சு என்று கத்தியவள் நான்.

"அன்னைக்கே பாத்துட்டீங்களா?"

"ம். முள்ளு ஏறி நின்னுச்சுல்ல. பொட்டு காஞ்சு எடை விட்டிருந்தது. சொரண்டி எடுத்துட்டு, முள்ளத் திரும்ப நிறுத்தி, செஞ்சத எல்லாம் கழட்டி மறுபடி நிறுத்துப் போட்டேன். சாமி சந்தனத்தக் குப்பையில போடவா? அதான் மூடியில எடுத்து வச்சேன். நீ காலித் தட்டத் தராசுல வச்சிருந்தாலே முள்ளு நேரா நிக்கிறது தெரிஞ்சிருக்கும்."

"அத அங்கனயே சொல்றதுக்கு என்ன? அத்தன பேரு முன்னால என்னையும் கோமாளியாக்கி, நீங்களும் கோமாளியாகி..."

"சொன்னா நம்பியிருப்பியா, கனி? செருப்பில்லாம நின்னுக்கிட்டு இருந்த. நீ கண்ணால பாக்கணும். பாரு."

தட்டில் கொட்டினார். முள் சொன்ன இடத்தில் நின்றது. அடுத்தது. அதுவும். நான் போதும் என்றேன். அவர் விடவில்லை, கடைசித் தோட்டா வரைக்கும் கழற்றி நிறுத்துக் காட்டினார்.

பிறகு பச்சைச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "மச்சான நாந்தானே போயி அடையாளம் காட்டுனேன். நான் அளவத் தப்ப விடுவேனா?"

ஜெயக்கொடி அண்ணன். எங்கள் கல்யாணத்துக்கு மறுவருஷம், தீபாவளி ஆர்டர் நெருக்கடியில், அக்டோபர் 20, பயராபீஸ் மருந்து அறை வெடித்துப் போய்ச் சேர்ந்தான். மருந்தை ஒரு கை கூடப் போடு, ஒன்றும் ஆகாது என்று எவனோ சொன்னான். அண்ணனைக் கடைசியாகப் பார்த்தது இவர்தான். எப்படி இருந்தான் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை. கேரேஜில், அந்த இரும்புப் பூதத்தின் முன்னால் உட்கார்ந்து, நான் வாய்விட்டு அழுதேன்.

நவம்பர் 3, ஞாயிறு

கழற்றியதை எல்லாம் திரும்பச் செய்தோம். அவர் மருந்து போட்டார், நான் முள்ளைப் பார்த்துச் சரி சொன்னேன். இரண்டு இடத்தில் நன்றாகத் திட்டினேன். குண்டை மாட்டும்போது கைப்பிடியை அவ்வளவு வேகமாகவா இழுப்பார்கள்?

நவம்பர் 7, வியாழன்

டேரல் வந்தான். இனிமேல் வர மாட்டான் என்று இவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார். வந்தவன் என்னைத்தான் கேட்டான். அவனும் வீட்டில் தோட்டா செய்கிறானாம், நான் வந்து அவன் மேசையை ஒரு தரம் பார்க்க வேண்டுமாம்.

பார்த்தேன். தரையில் கம்பளம், காலைத் தேய்த்தாலே பொறி பறக்கும். மருந்து டப்பாவுக்குப் பக்கத்திலேயே காபிக் கோப்பை. தராசு மேல் தூசி. இவன்தான் என்னிடம் ஒன்றும் ஆகாது என்று சொன்னவன்! வாய்க்கு வந்தபடி தமிழிலேயே திட்டினேன். இவர் ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, அவன் தலையை ஆட்டிக்கொண்டே கம்பளத்தைச் சுருட்டினான். கிளம்பும்போது சனிக்கிழமை நீ வருகிறாய்தானே என்று இவரிடம் கேட்டான்.

நவம்பர் 9, சனி

விடியுமுன் கிளம்பினார். பெட்டியைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்தார். நான் வாசல் வரைக்கும் போவதாக இல்லை, எப்படியோ போய் நின்றேன்.

"பாத்து வாரேன், கனி" என்றார்.

வண்டி தெரு திரும்பின பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒன்றும் ஆகாது என்ற வார்த்தையை இந்த இருபத்தெட்டு வருஷத்தில் இந்த மனுஷன் ஒரு தடவைகூட என்னிடம் சொன்னதில்லை. காய்ச்சலில் சொன்னதில்லை. பிரசவத்தில் சொன்னதில்லை. வேலை போன அன்றைக்கும் சொன்னதில்லை.

மான் ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. இவராவது, மானாவது. இருந்தாலும் மசாலா அரைத்து வைத்திருக்கிறேன்.